முகமில்லாத குரல்

"நான் யார்கிட்டயாவது ஒரு வார்த்தை விட்டிருக்கேனா, சொல்லுங்க அண்ணி. இத்தனை வருஷத்துல ஒரே ஒரு வார்த்தை—"

"விட்டேன்னு யாரு சொன்னா? மூலையைப் பிடி."

"அச்சுல போட்டு வெச்சிருக்காங்க. அவ உக்காந்திருக்கற ரூமுக்கு நாங்க—"

"இழு. இன்னும் கொஞ்சம். உன் பக்கம் தொங்குது பாரு."

"—நாங்க வரமாட்டோம்னு. அது நீங்க பேசினதுதானே?"

"என் பேரு போட்டிருக்கா அதுல?"

"பேரு எதுக்கு? எனக்குக் காது இருக்கே."

சலவைக் கூடத்தில் ஓட்டல் படுக்கை விரிப்புகள் ரோலர் மெஷினிலிருந்து சூடாக வந்து விழுந்துகொண்டிருந்தன. அண்ணியோடு சேர்ந்து மடிக்க வேண்டியவள் பல்வலி என்று பாதி வேலையில் கிளம்பிவிட்டாள். பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, விறைப்பாக இழுத்து, நெருங்கி வந்து மூலைகளைச் சேர்த்துவிட்டு மறுபடியும் பின்னால் போக வேண்டும். சண்டை போட வந்த சின்னவள் வந்த வேகத்தில் மூலையைப் பிடித்துவிட்டாள். அதனால் சண்டையும் விரிப்போடு சேர்ந்து நெருங்குவதும் விலகுவதுமாக நடந்தது. விலகி நிற்கும்போது மெஷின் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. ஆகவே கத்தக்கூடாத விஷயங்களை எல்லாம் நெருங்கி வரும்வரை இருவரும் வாய்க்குள்ளேயே வைத்துக் காத்திருந்தார்கள்.

சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். வயது ஐம்பதைத் தாண்டியும் அண்ணன் வாயில் அவள் சின்னதுதான். தெருவில் அவளுக்கு 'டபுள் நாக்கு' என்று பட்டப்பெயர். கேலியும் மரியாதையும் பாதிப்பாதி. பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களுடைய ஆட்களுக்கு அவள்தான் மொழிபெயர்ப்பாளர். அவர்களுடைய ஆட்கள் என்றால், பாட்டன்கள் காலத்தில் மீன் கம்பெனி வேலைக்காகக் கடல் தாண்டி வந்து, துறைமுகத்துக்குப் பின்னால் நாலைந்து தெருக்களில் இடித்துக்கொண்டு தங்கிவிட்டவர்கள். வீட்டுக்குள் ஒரு மொழி, வாசலைத் தாண்டினால் அரசாங்க மொழி. பிள்ளைகளுக்கு இரண்டும் தண்ணீர்பட்ட பாடு. பெரியவர்களுக்கு வெளிமொழியில் விலை கேட்கத் தெரியும், பஸ் கேட்கத் தெரியும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியும். எப்படி வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது.

முன்பு ஒருமுறை, என்ன காகிதம் என்றே தெரியாமல் ஒரு கிழவர் கையெழுத்துப் போட்டு, வேண்டாத ஆபரேஷன் ஒன்று நடந்துவிட்டது. சின்னவள்தான் மனு மேல் மனுவாகப் போட்டு, படியேறி இறங்கி, ஒரு விதியைக் கொண்டுவந்தாள். அவர்கள் மொழிக்காரர் யார் வந்தாலும், மொழிபெயர்ப்பாளர் கூடவே அறைக்குள் இருந்தால்தான் எந்தப் பரிசோதனைக்கும் சம்மதம் வாங்கலாம். பிள்ளை இல்லாத அவளுக்கு அந்த விதிதான் பெற்ற பிள்ளை மாதிரி. யாராவது அதைத் தொட்டால் தாங்கமாட்டாள்.

இப்போது தொட்டிருந்தார்கள். சிறுபான்மை மக்களிடமிருந்து எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவு, வருகிற சிலரும் ஏன் உடம்பு உருக்குலைந்த பிறகே வருகிறார்கள் என்று பார்க்கச் சொல்லி சுகாதாரத் துறை ஓர் ஆய்வு நடத்தியிருந்தது. ஆய்வாளர் வெளியூர்ப் பெண். எங்கோ வேறு நகரத்தில் இருந்த ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடித்து வைத்துக்கொண்டு, சலவைக் கூடம், மீன் கம்பெனி, கடைத்தெரு என்று போய்ப் பேசினார். உள்ளூரில் நான் இருக்கும்போது எதற்கு வெளியாள் என்று சின்னவள் கேட்டதற்கு, அதுதான் முறை என்று மட்டும் சொன்னார். அறிக்கை தயாரானதும் அதன் சுருக்கத்தைச் சின்னவளிடமே கொடுத்தார்கள். வியாழக்கிழமை கொள்கைக் குழு கூடுகிறது. அவர்களுடைய மக்கள் சங்கத்து ஆட்களும் வருவார்கள். அவர்களுக்காக வீட்டு மொழியில் மாற்றித் தர வேண்டும். அதில் ஒரு பெண் சொன்னதாகச் சில வரிகள் இருந்தன. வெளிமொழியில் படித்தபோது அது யாரோ ஒருத்தியின் கருத்து. வீட்டு மொழிக்குத் திருப்ப ஆரம்பித்ததும் வார்த்தைகள் தாமாக இடம் மாறி உட்கார்ந்துகொண்டன, பழகிய ஒரு குரலில்:

'அவ வாயைப் பூட்டிக்குவா, அதுல சந்தேகமே இல்ல. முகத்தை எங்க கொண்டுபோய்ப் பூட்டுவா? அவ யாரைப் பார்த்துக் குழையறாளோ, அந்த வீட்டுல சீக்குன்னு எங்க தெருவுக்கே தெரியும்.'

எழுதிய பேனாவை மூடாமல் அப்படியே எழுந்து வந்திருந்தாள்.

விரிப்புக்கு விரிப்பு அண்ணி விஷயத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தாள். சைக்கிள் கடைக்காரர் நினைவிருக்கிறதா? ஒரு பஞ்சர் விஷயத்தில் சின்னவளுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். திடீரென்று ஒருநாள் கடை வாசலில் நின்று, சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டாள். அடுத்த வாரமும் கேட்டாள். அதற்கப்புறம் அந்தக் கடைக்கு யார் சைக்கிள் கொண்டுவந்தார்கள்? அவர் வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார் என்றுதான் சின்னவள் நினைத்திருந்தாள். நல்ல வேலையாம், என்றாள் அண்ணி. சங்கச் செயலாளரின் மருமகளுக்குப் போன மாதம் கடைத்தெருவில் கூடையைத் தூக்கிக் கொடுத்தாளே, வாயும் வயிறுமாக இருக்கிற பெண் என்று? கர்ப்பிணிகளுக்கும் அந்தப் பரிசோதனை உண்டென்று ஊருக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் மாமியார்க்காரி அவளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் எடுத்து வைத்துவிட்டாள். பெண்ணின் அம்மா வந்து சத்தம் போட்ட பிறகுதான் தட்டு ஒன்றாயிற்று.

"ஒரு கூடை தூக்கினது குத்தமா?"

"குத்தமில்ல. நீ யாருக்கும் தூக்கற ஆளில்ல. அதான்."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. நெருங்கி வந்து மூலையைக் கொடுக்காமல் விலகிப் போனாள். விரிப்பு தரையைத் தொட்டது. அண்ணி அதை அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். சின்னவள் இப்போது வேறு பக்கமிருந்து வந்தாள். ஊர் ஆயிரம் பேசட்டும், பேசிப் பேசியே வளர்ந்த ஊர். அண்ணி எதற்கு வேலை மெனக்கெட்டு ஒரு வெளியூர்க்காரியிடம் போய் இதையெல்லாம் சொல்ல வேண்டும்? "நீங்களா வந்து அந்த ரூமுல உக்காரப் போறீங்க?" என்றாள். அது நடக்காத காரியம் என்பதால் கூடவே லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

அண்ணி நெருங்கி வந்தாள். நான்கு மூலைகளும் ஒன்று சேர்ந்தன. அவற்றைச் சின்னவளின் விரல்களிலிருந்து வாங்கிக்கொண்டு பின்னால் போகாமல் அங்கேயே நின்றாள்.

"எனக்கு இருக்கு," என்றாள். "மாத்திரை சாப்பிடறேன், நல்லா இருக்கேன். முகத்தைச் சரியா வெச்சுக்கோ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் நிக்கறான்."

சின்னவள் முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ள முயன்றாள். எது சரியான முகம் என்று தெரியவில்லை. கைகள் தாமாக அடுத்த விரிப்பைத் தேடின. அண்ணி மடிப்பை அடுக்கில் வைத்துவிட்டு, துணிக் கணக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே போனாள். காய்ச்சல் விடாமல் வந்ததும், தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறி, தன் மொழி ஒருத்தருக்கும் தெரியாத ஒரு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். பத்து வார்த்தையும் பத்து விரலும் வைத்துக்கொண்டே பேசினாள். அங்கிருந்த நர்ஸ் கோபக்காரி, ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை, அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா என்றாள். இப்போது இரத்தத்தில் தேடினாலும் அகப்படாத அளவுக்குக் கிருமி குறைந்துவிட்டதாம், இனி அவளிடமிருந்து யாருக்கும் தொற்றாதாம். எப்படி வந்தது, யாரிடமிருந்து யாருக்கு என்றெல்லாம் கேட்காதே, கேட்டால் சொல்லமாட்டேன்.

"அண்ணனுக்கு?"

"ரத்தம் பார்த்தா தெரியணும். பார்க்கத்தான் வரமாட்டேங்கறார்."

அண்ணன் இளைத்துக்கொண்டு வருவது சின்னவளுக்குத் தெரியும். ஐஸ் கிடங்கில் வேலை செய்கிறவனுக்கு இருமல் வராமல் இருக்குமா என்று விட்டிருந்தாள். வேறு ஊருக்குப் போகலாம் என்று அண்ணி ரயிலடி வரை கூட்டிப்போய்ப் பார்த்தாள். பத்து வார்த்தையும் பத்து விரலும் உனக்குப் போதும், எனக்குப் போதாது என்று சொல்லி அவன் நடைமேடையிலிருந்தே திரும்பிவிட்டான். உள்ளூர் ஆஸ்பத்திரியில் விதிப்படி மொழிபெயர்ப்பாளர் கூட இருக்க வேண்டும். அதைப் பற்றி அவன் சொன்னதை அண்ணி அவன் குரலிலேயே சொன்னாள்.

"'நான் தோள்ல தூக்கி வளர்த்த பிள்ளை அது. எவகூடப் போனே, எப்பப் போனேன்னு டாக்டர் கேப்பான். அதை அது வாயால என்கிட்ட கேக்கணுமா? நான் செத்துப்போறேன், விடு'ங்கறார்."

மெஷின் விரிப்பைத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஒருநாள் தான் லீவு போடுவதாகச் சின்னவள் சொன்னாள். நீ லீவு போட்டால் பரிசோதனையும் நடக்காது, அது நீ போட்ட விதிதானே, என்றாள் அண்ணி. அதோடு நீ ஏன் லீவு போட்டாய் என்று அவர் யோசிப்பார். உனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால், அதற்கப்புறம் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கும் அவரைக் கூட்டிப்போக முடியாது. ஆகவே வியாழக்கிழமை என்ன நடக்கிறதோ அதுதான். அந்த அறையில் சின்னவளுக்குப் பதில் போனில் யாரோ பேசலாம் என்று எழுதியிருக்கிறதாமே. அது நடந்தால் வருவாரோ என்னவோ. அதற்காகத்தான் வாயைத் திறந்தேன் என்றாள்.

"ஞாயித்துக்கிழமை எப்பவும்போல வா. எப்பவும்போல அவர்கூடச் சண்டை போடு. குழைஞ்சே, அவ்வளவுதான்."

கிளம்பும்போது கதவுவரை வந்து, இன்னொன்றும் கேட்டுக்கொண்டாள். சங்கத்து ஆட்கள் படிக்கப் போகிற காகிதத்தில் அந்த வரி அண்ணி பேசுகிற மாதிரியே இருக்கிறதா? இருந்தால் கொஞ்சம் கெடுத்துவிட முடியுமா?

கெடுப்பது சுலபமாக இல்லை. ஒருவர் பேச்சை அவர் பேசியபடியே அடுத்தவர் காதில் சேர்ப்பதுதான் தொழில் என்று சின்னவள் மற்ற மொழிகளுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்திருக்கிறாள். முனகலைக்கூட விடாதே என்பாள். இப்போது அடித்து அடித்து எழுதினாள். ஒவ்வொரு முறையும் அண்ணி ஏதாவது ஒரு வார்த்தைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். கடைசியில் அரசாங்க நோட்டீசுகளில் வருகிற வார்த்தைகளாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டாள். 'மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காப்பார் என்பதில் ஐயமில்லை. எனினும் அன்னாரது முகக்குறிப்பினால் விவரம் வெளிப்பட வாய்ப்புள்ளது.' படித்துப் பார்த்தபோது யாருமே பேசாத பேச்சாக இருந்தது. அதுதான் வேண்டியிருந்தது.

வழியில் எதிரே வந்தவர்களை அந்த வாரம் முழுக்க அவளால் பார்க்க முடியவில்லை. ரொட்டி வாங்கிக்கொண்டு வருகிற ஒருத்தியைப் பார்த்துச் சிரிக்கப் போனவள் பாதியில் நிறுத்தினாள். பாதிச் சிரிப்பு முழுச் சிரிப்பைவிட மோசம் என்று தோன்றியது. அந்த அறையில் தன்னோடு உட்கார்ந்தவர்களை மனசுக்குள் வரிசையாக எண்ணிப் பார்த்தாள். அத்தனை பேரிடமும் பிறகு நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தாள். அவர்களில் யார் யார் இப்போது இந்தத் தெருக்களில் இல்லை என்று யோசிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை குழு கூடிய அறை ஜன்னல் இல்லாதது. நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், எரிந்து எரிந்து அணைகிற ஒரு குழல் விளக்கு. தலைவர் அம்மாளுக்கு ஜலதோஷம். கைக்குட்டையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். நிதித் துறைக்காரர் ஒரு நிமிடப் போன் பேச்சுக்கு எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு வேறு எதையும் கேட்கவில்லை. ஆய்வாளர் சுற்றி வளைக்காமல் பேசினார். பயம் நோயைப் பற்றியது மட்டுமல்ல, தெரிந்தவர்களைப் பற்றியதும்தான். சொந்த மொழி வேண்டும் என்கிறார்கள், ஆனால் சொந்த ஊர் வேண்டாம் என்கிறார்கள். ஆகவே பரிசோதனை அறையில் வெளியூர்க் குரலைப் போனில் வைக்கலாம். நேரில் ஆள் வேண்டும் என்று நோயாளி கேட்டால் மட்டும் நேரில். சின்னவள் சங்கத்து ஆட்களுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் தாழ்ந்த குரலில் வீட்டு மொழியில் சொல்லிக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றிய வரிகளிலும் குரல் மாறவில்லை. அந்தப் பழக்கம் அன்று கைகொடுத்தது.

சங்கச் செயலாளர் எழுந்தார். நல்ல மனிதர், பேச எழுந்தால் உட்காரமாட்டார் என்பது ஒன்றுதான் குறை. எங்களுக்கென்று ஓர் ஆளை ஆஸ்பத்திரிக்குள் வைக்க நாங்கள் எத்தனை வருஷம் நாயாய் அலைந்தோம், இப்போது ஒரு டெலிபோனைக் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறீர்களா என்று ஆரம்பித்தார். பிறகு சின்னவளைப் புகழத் தொடங்கினார். அதை வெளிமொழியில் சொல்ல வேண்டியவளும் சின்னவள்தான். "அந்த அம்மாள் எங்களுக்குத் தெய்வம் மாதிரி," என்று அவளே தலையைக் குனிந்துகொண்டு குழுவுக்குச் சொன்னாள். "அந்த அம்மாளின் கருணைக்கு ஈடு இல்லை." நிதித் துறைக்காரர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பாட்டிலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அடுத்துச் செயலாளர் காகிதத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைத் தேடிப் பிடித்து உரக்கப் படித்தார்.

"'அன்னாரது முகக்குறிப்பினால் விவரம் வெளிப்பட வாய்ப்புள்ளது.' நான் கேக்கறேன், நம்ம தெருவுல எவளாவது 'வாய்ப்புள்ளது'ன்னு பேசுவாளா? இது எவனோ ஆபீசுல உக்காந்து எழுதினது. எங்க ஆளுங்க யாரும் இப்படிச் சொல்லவே இல்ல."

சங்கத்து ஆட்கள் சிரித்தார்கள். சின்னவள் அதையும் மொழிபெயர்த்தாள். தலைவர் அம்மாள் கைக்குட்டையை வைத்துவிட்டு ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர், இந்த வரி உண்மையாகப் பேசப்பட்டது, பேசியவர் யார் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றார். அதற்குமேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. சமூகமே மறுக்கிறது என்றால் இதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த வருஷம் பார்க்கலாமே என்று ஓரத்திலிருந்து யாரோ சொன்னார்கள். அடுத்த வருஷம் என்ற வார்த்தையைச் சங்கத்து ஆட்களுக்கு மொழிபெயர்க்கும்போது சின்னவளுக்கு அண்ணனின் இடுப்புப் பெல்ட் நினைவுக்கு வந்தது. அதில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இருந்தன. போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கேலி செய்திருந்தாள்.

எழுந்து, மொழிபெயர்ப்பாளர் நாற்காலியிலிருந்து நகர்ந்து மேஜையோரம் காலியாக இருந்த ஒன்றில் போய் உட்கார்ந்தாள். மொழிபெயர்க்கிறவள் சொந்தக் கருத்துச் சொல்லக்கூடாது, அதனால் இடம் மாறி உட்கார்கிறேன் என்று குழுவிடம் சொன்னாள். பிறகு வீட்டு மொழியில் செயலாளர் பக்கம் திரும்பினாள்.

"போன மாசம் கடைத்தெருவுல உங்க வீட்டு ஆளுக்கு ஒரு கூடை தூக்கிக் கொடுத்தேன். அன்னைக்கு உங்க வீட்டுல என்ன பேச்சு நடந்துச்சு?"

செயலாளர் வாயைத் திறந்தார். பேச எழுந்தால் உட்காராத மனிதர் காகிதத்தை மடித்தார், மறுபடி பிரித்தார், கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கூட வந்தவர்கள் அவரைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார்கள். அவர்கள் வீடுகளிலும் அதே பேச்சு நடந்திருக்கும் போலிருந்தது. தலைவர் அம்மாள், இப்போது என்ன பேசிக்கொண்டீர்கள் என்று கேட்டார்.

"அவரை ஒரு கேள்வி கேட்டேன்," என்றாள் சின்னவள். "அவர் பதில் சொல்ல விரும்பவில்லை. அந்த வரி உண்மைதான். என்னை அந்த அறைக்கு வெளியே வையுங்கள்."

ஆய்வாளர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

உலகம் ஒன்றும் புரண்டுவிடவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும், ஆறு மாதத்துக்குச் சோதனையாகச் செய்து பார்க்கலாம் என்று முடிவாயிற்று. எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துத்தான் மற்ற இடங்களுக்கு. வெளியே வரும்போது செயலாளர் அவளோடு பேசவில்லை. படிக்கட்டில் மட்டும் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அடுத்த நாளே அவளை எலும்பு முறிவுப் பிரிவுக்கு மாற்றி உத்தரவு வந்தது. அங்கே எல்லாருடைய வியாதியும் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு ஊரறிய நடமாடியது; முகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பரிசோதனை அறையிலிருந்து தன் மேல்கோட்டையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வரும்போது, தன் நாற்காலி இருந்த இடத்தில் ஒரு சின்ன மேஜையும் அதன்மேல் ஒலிபெருக்கி வைத்த போனும் வந்திருந்ததைப் பார்த்தாள். நர்ஸ் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை எப்பவும்போலப் போனாள். கதவைத் திறக்கும்போதே சண்டையையும் கூடக் கொண்டுபோனாள். வாசலில் சாக்கு இப்படியா கிடக்கும், குழாய் போன மாதமே சொட்டியது இன்னும் சொட்டுகிறது, ரேடியோவை ஊருக்கே வைக்கிறாயா. அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் கம்பளிச் சட்டைக்குள் உட்கார்ந்திருந்தான். சட்டை முன்பு அவன் உடம்புக்குப் பிடித்த அளவாக இருந்தது. "வந்துட்டாங்க ஆபீசரம்மா," என்று சொல்லி ரேடியோவை ஒரு புள்ளி இன்னும் கூட்டினான். அவள் போய் அதை அணைத்தாள். அவன் வைதான். அண்ணி உள் அறையில் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள், வெளியே வரவில்லை.

டீ குடித்து முடித்ததும் தம்ளர்களை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். அவனுக்கு முதுகைக் காட்டி நிற்க அந்த ஒரு இடம்தான் இருந்தது. முகத்தைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு, தன் கதையைப் புலம்ப ஆரம்பித்தாள். வருகிற வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த புலம்பல் அது. இத்தனை வருஷம் உழைத்ததற்கு நல்ல மரியாதை செய்தார்கள். எலும்பு வார்டுக்குத் தூக்கி அடித்துவிட்டார்கள்.

"அந்த ரூமுல இனிமே நான் கிடையாதாம். கதவுகிட்டகூடப் போகக்கூடாதாம். யாரு வராங்க, யாரு போறாங்க, ஒண்ணும் எனக்குத் தெரியாது. ஒரு போனைக் கொண்டுவந்து வெச்சுட்டாங்க, என் இடத்துல."

உள் அறையில் குடைகிற சத்தம் நின்றது.

"போனுதான் உன்னைவிட நல்லாப் பேசும்," என்றான் அண்ணன். "நடுவுல நிறுத்தலாமே."

உனக்கென்ன, உட்கார்ந்த இடத்தில் நக்கல் பண்ணுவாய், தங்கச்சி வேலை போனால் உனக்குக் கொண்டாட்டம், சோம்பேறி, என்று அவள் திட்டினாள். திட்டு நன்றாகவே வந்தது. உண்மைக் கோபமும் அதில் கொஞ்சம் இருந்தது. அவனுடைய பிடிவாதத்தின்மேல், அந்தப் போனின்மேல். ஏற்கெனவே கழுவிய தம்ளரை மறுபடி எடுத்துத் தேய்த்தாள். பின்னால் அவன் இருமினான். இருமி முடித்துவிட்டு ரேடியோவைப் போடுவான் என்று எதிர்பார்த்தாள். போடவில்லை. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது, பிறகு அதுவும் இல்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தோள்களை விறைப்பாக வைத்துக்கொண்டாள். முதுகும் எதையாவது சொல்லிவிடுமோ என்று இருந்தது.

"அந்தப் போனுல பேசறது யாரு, சின்னது? நமக்குத் தெரிஞ்சவங்களா?"